காலணியில் ஒட்டிய மண் எவ்வளவு தூரம் சாட்சி சொல்லும்?

கேள்வி இதுதான்: சந்தேக நபரின் காலணியில் இருந்த மண்ணும் குற்றம் நடந்த இடத்து மண்ணும் ஒத்துப்போனதாகச் செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். மண் எங்கும் மண்தானே, அதை வைத்து ஒருவர் எங்கே போனார் என்று எப்படிச் சொல்கிறார்கள்? கைரேகையைப் போல அதை நம்பலாமா?

கைரேகையைப் போல நம்ப முடியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பிடி மண்ணுக்கு உலகத்தில் ஒரே ஓர் இடம்தான் சொந்தம் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அதே கலவை பக்கத்து மேட்டிலும் இருக்கலாம், ஐம்பது கிலோமீட்டர் தள்ளியும் இருக்கலாம். அதற்காக மண் பலவீனமான சாட்சி என்று நினைத்துவிட வேண்டாம். "நான் அந்தப் பக்கமே போகவில்லை, நாள் முழுக்க இங்கேதான் இருந்தேன்" என்று ஒருவர் சொல்கிறார் அல்லவா, அந்தக் கதையைச் சோதித்துப் பார்ப்பதில்தான் மண்ணின் உண்மையான பலம் இருக்கிறது. இதைப் புரிய வைக்க, நூறு வருடத்துக்கும் மேல் பழைய ஒரு வழக்கைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1908-ஆம் ஆண்டு. இன்றைய ஜெர்மனியில், அப்போது பவேரியாவின் கீழ் இருந்த ராக்கன்ஹவுசன் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு பெண் கொலை செய்யப்பட்டார். சந்தேகம் அதே பகுதியில் வசித்த ஒரு தொழிலாளியின் மேல் விழுந்தது. கொஞ்சம் நிலமும் வைத்திருந்தவர் அவர். வழக்கு பிராங்க்ஃபர்ட்டைச் சேர்ந்த வேதியியலாளர் கியோர்க் பாப் கைக்கு வந்தது. அந்த ஆளின் மனைவி ஒரு தகவல் சொன்னார்: கொலைக்கு முந்தைய இரவுதான் கணவரின் காலணியைத் தானே சுத்தம் செய்து வைத்தாராம். அப்படியானால் அதில் இருந்த மண் முழுக்க அந்த ஒரு நாளில் ஒட்டியது என்று எடுத்துக்கொள்ளலாம். குதிகாலுக்கு முன்னால் உள்ள வளைவில் மண் அடை அடையாகப் படிந்திருந்தது. தோலை ஒட்டியிருப்பது முதலில் ஒட்டியது, வெளியே இருப்பது கடைசியில் ஒட்டியது என்ற எளிய கணக்கோடு பாப் அதை அடுக்கு அடுக்காகப் பிரித்தார். உள்ளடுக்கில் வாத்து எச்சம். அது அந்த ஆளின் வீட்டு வாசலில் கிடந்தது. அதன் மேல் சிவப்பு மணற்கல் துகள்கள். உடல் கிடந்த இடத்து மண்ணில் இருந்தவை அவை. அதற்கும் மேலே நிலக்கரித் துணுக்கு, செங்கல் தூள், சிமென்ட் துண்டு. பாழடைந்த ஒரு கோட்டையின் தரை அப்படிப்பட்டது. அவருடைய துப்பாக்கியும் கால்சட்டையும் ஒளித்து வைக்கப்பட்டுக் கிடைத்த இடமும் அதுதான். அன்றைக்கு அவர் நடந்த பாதை வரிசை மாறாமல் காலணியில் இருந்தது.

இதுவே பெரிய விஷயம்தான். ஆனால் என்னைப் பொறுத்தவரை இந்த வழக்கின் உயிர் இன்னொரு இடத்தில் இருக்கிறது. அன்றைக்குத் தன் சொந்த வயலில்தான் நடந்துகொண்டிருந்ததாக அந்த ஆள் சொன்னார். பாப் அந்த வயலிலிருந்தும் மண் எடுத்துப் பார்த்தார். அந்த மண் போர்ஃபிரி என்ற பாறையிலிருந்து வந்தது. பால் வெள்ளையான குவார்ட்ஸ் துண்டுகள் நிறைந்தது. காலணியில் அப்படி ஒரு துகள்கூட இல்லை. சிவப்பு மணற்கல் அந்த வட்டாரத்தில் வேறு இடங்களிலும் இருக்கக்கூடியதுதான், அதை வைத்து எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடலாம். ஆனால் நாள் முழுக்க நடந்ததாகச் சொல்லும் வயலின் மண் ஒரு துளியும் ஒட்டவில்லை என்பதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? இருந்த மண்ணைவிட இல்லாத மண்தான் அவர் சொன்ன கதையை முறித்தது.

சரி, மண் எங்கும் மண்தானே என்ற கேள்விக்கு வருவோம். வெறும் கண்ணுக்குத்தான் அது ஒரே பழுப்பு நிறம். ஒரு சிட்டிகையை நுண்ணோக்கியில் வைத்தால் ஆயிரக்கணக்கான துகள்கள், ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பாறையின் எச்சம். கிரானைட் சிதைந்தால் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், காக்காப்பொன் என்று நாம் சொல்லும் மைக்கா ஆகியவை கிடைக்கும். பசால்ட் சிதைந்த மண்ணில் பைராக்சீன் இருக்கும், குவார்ட்ஸ் அநேகமாக இருக்காது. பூமிக்குள் அழுத்தத்திலும் வெப்பத்திலும் உருமாறிய பாறைகள் கார்னெட், கயனைட், ஸ்டாரோலைட் போன்றவற்றைத் தரும். சுண்ணாம்புக்கல் கால்சைட்டைத் தரும். அப்புறம் அந்த இடத்து மழையும் வெயிலும் வேலை செய்கின்றன: நன்றாக நீர் வடியும் மழைப் பகுதியில் ஃபெல்ட்ஸ்பார் கரைந்து கயோலினைட் களிமண்ணாக மாறும், நீர் தேங்கிக் காயும் இடத்தில் ஸ்மெக்டைட் உருவாகும். ஆறும் காற்றும் தொலைவிலிருந்து கொண்டுவந்து கலப்பது தனி. எல்லாவற்றுக்கும் மேலே மனிதன் கொட்டுவது: செங்கல் தூள், சிமென்ட், உலைக்கழிவு, கண்ணாடித் துணுக்கு, பெயின்ட் செதில். வழக்குகளில் இந்தக் கடைசி வகைதான் பல சமயம் அதிகம் கைகொடுக்கும், ஏனென்றால் இயற்கை மண்ணைவிட இத்தகைய குப்பைக் கலவை சின்னப் பரப்புக்குள் அடங்கிவிடும்.

இதனால் சில இடங்களில் பத்து அடி நகர்ந்தாலே மண் மாறிவிடும். சில இடங்களில் மாறவே மாறாது. பெரிய ஆற்றுச் சமவெளிகளிலும், காற்று அடித்துச் சேர்த்த வண்டல் பரப்புகளிலும் மைல் கணக்கில் ஒரே கலவை கிடக்கும். அங்கே இரண்டு மாதிரிகள் ஒத்துப்போனால் அதற்குப் பெரிய மதிப்பு இல்லை. ஒரே வார்த்தையில் "ஒத்துப்போகிறது" என்று எழுதப்பட்ட இரண்டு அறிக்கைகளின் எடை, அந்த நிலப்பகுதியைப் பொறுத்து மலைக்கும் மடுவுக்குமாக வேறுபடும். செய்தி படிக்கும்போது இதைத்தான் நாம் தவற விடுகிறோம்.

மண்ணில் மகரந்தம், வேர், நுண்ணுயிரிகள், அவற்றின் டிஎன்ஏ எல்லாமே இருக்கின்றன, அவற்றையும் பயன்படுத்துகிறார்கள். இருந்தும் கனிமங்களுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அவை அழுகுவதில்லை, பருவத்துக்குப் பருவம் மாறுவதில்லை, பல வருடம் உறையில் கிடந்தாலும் அப்படியே இருக்கும். ஸ்காட்லாந்தில் 1977-ல் நடந்த ஓர் இரட்டைக் கொலை வழக்கு 2014-ல்தான் தண்டனையில் முடிந்தது. அந்த விசாரணையில் மண் அறிவியலாளர் லோர்னா டாசன், இறந்த பெண்களில் ஒருவரின் பாதத்தில் இருந்து அன்றைக்கே எடுத்துப் பாதுகாத்த மண்ணைப் பற்றிச் சாட்சி சொன்னார். முப்பத்தேழு வருடம் கழித்து! அன்று அந்த மண்ணைத் துடைத்து எறியாமல் உறையில் போட்டு வைத்தவருக்கு இந்த வழக்கு நிறையவே கடன்பட்டிருக்கிறது.

ஆய்வகத்தில் என்ன செய்கிறார்கள்? முதல் வேலை நிறம். உலர்ந்த மண்ணை மன்செல் நிற அட்டையோடு ஒப்பிட்டு ஒரு குறியீடு தருவார்கள். எளிய சோதனைதான், ஆனால் நிறமே தெளிவாக வேறுபட்டால் அதற்குக் காரணம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். பல மாதிரிகள் இங்கேயே கழிந்துவிடும். அடுத்து சலித்து, துகள் அளவு வாரியாகப் பிரிப்பது. அதற்குப் பிறகுதான் இந்தத் துறையின் ஆதாரக் கருவி: தளவிளைவு ஒளி நுண்ணோக்கி.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. ஒரே தளத்தில் மட்டும் அதிரும்படி வடிகட்டிய ஒளியைத் துகளுக்குள் செலுத்தி, மேலே குறுக்காக இன்னொரு வடிகட்டியை வைத்துப் பார்ப்பார்கள். கண்ணாடித் துண்டு இந்த அமைப்பில் இருண்டு போகும். குவார்ட்ஸ் இருளாது, மேடையைச் சுற்றச் சுற்ற மின்னி மறையும். பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே மாதிரி நிறமற்ற துகள்கள்தான், ஆனால் இந்த ஒளியில் குழப்பமே வராது. மைக்ரோகிளைன் என்ற ஃபெல்ட்ஸ்பார் கட்டம் போட்ட துணி போலத் தெரியும். பிளாஜியோகிளேஸில் இணை கோடுகள் ஓடும். மேல் வடிகட்டியை எடுத்துவிட்டுப் பார்த்தால் ஹார்ன்பிளெண்ட் திருப்பத் திருப்பப் பச்சையிலிருந்து பழுப்புக்கு நிறம் மாறும். டூர்மலின் வெளிறிய நிறத்திலிருந்து ஏறக்குறைய கறுப்பு வரை போகும். துகளை ஒளிவிலகல் எண் தெரிந்த எண்ணெயில் மூழ்க வைத்து, விளிம்பில் ஓடும் வெளிச்சக் கோடு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தே அது என்ன கனிமம் என்று பழகிய கண் சொல்லிவிடும். இதெல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே உருவான முறைகள். இன்றைக்கும் இவற்றுக்கு முழு மாற்று வரவில்லை. விலை உயர்ந்த கருவிகள் எண்களைத் தரும். ஆனால் ஒரு துகள் உருண்டிருக்கிறதா, உடைந்து கூர்மையாக இருக்கிறதா, மேலே இரும்புத் துரு போர்த்தியிருக்கிறதா என்று பார்த்து அது கடந்து வந்த வழியை ஊகிப்பது இன்னும் மனிதக் கண்ணின் வேலைதான்.

குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் எங்கும் கிடைப்பவை, அதனால் பாகுபடுத்த அதிகம் உதவாது. கனமான கனிமங்கள்தான் துப்பு தருபவை. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. சிர்க்கான், இல்மனைட் எல்லாம் 4.6-க்கு மேல். கார்னெட் 3.5-லிருந்து 4.3 வரை. சோடியம் பாலிடங்ஸ்டேட் போன்ற கரைசலை 2.8, 2.9 அளவு அடர்த்திக்குத் தயாரித்து மண்ணைப் போட்டால் லேசானவை மிதக்கும், கனமானவை அடியில் போய்ச் சேரும். பல மண்களில் இந்தக் கனமான பகுதி மொத்த எடையில் ஒரு சதவீதம்கூடத் தேறாது. ஆனால் எந்தப் பாறையிலிருந்து அந்த மண் வந்தது என்பது இந்தச் சின்ன அளவில்தான் தெளிவாகத் தெரியும். ஆற்று மண்ணில் ஸ்டாரோலைட் கிடைத்தால் அந்த ஆற்றுக்கு மேலே எங்கோ உருமாறிய பாறை இருக்கிறது என்று அர்த்தம். ஒரு மாதிரியில் பச்சை ஹார்ன்பிளெண்ட் குவிந்திருந்து இன்னொன்றில் ஒன்றுகூட இல்லை என்றால், இரண்டும் ஒரே இடத்து மண் என்ற பேச்சுக்கே இடமில்லை.

களிமண் துகள்கள் நுண்ணோக்கிக்குச் சிக்காத அளவு சிறியவை. அவற்றுக்கு எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு முறை: எக்ஸ் கதிர் எந்தக் கோணத்தில் சிதறுகிறது என்று பார்த்துப் படிக அடுக்குகளின் இடைவெளியை அளப்பது. கயோலினைட்டின் அடுக்குகளுக்கு இடையே ஏறத்தாழ 7 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு), இல்லைட்டுக்கு 10. ஸ்மெக்டைட் எத்திலீன் கிளைக்காலை உறிஞ்சி 17 வரை உப்பும். இப்படி அடையாளம் காண்பார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒவ்வொரு துகளின் தனிமக் கலவையும் கிடைக்கும். கணினி வழியாக ஆயிரக்கணக்கான துகள்களை வரிசையாக எண்ணும் அமைப்புகளும் இருக்கின்றன. ஒரே முறையை நம்பாமல் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று முறைகளில் பார்ப்பதுதான் நல்ல ஆய்வகத்தின் அடையாளம். முன்பெல்லாம் அடர்த்தி படிப்படியாக மாறும் திரவத்தை ஒரு குழாயில் நிரப்பி, மண்ணைப் போட்டு, எங்கெங்கே பட்டைகள் நிற்கின்றன என்று இரண்டு குழாய்களை அருகருகே வைத்து ஒப்பிடுவார்கள். பார்ப்பதற்கு அழகாக இருக்கும், நீதிமன்றத்தில் காட்டவும் வசதி. ஆனால் துகள்கள் ஒட்டிக்கொள்வதாலும் கரிமப் பொருளாலும் பட்டைகள் இடம் மாறும். ஒரே பட்டையில் வெவ்வேறு கனிமங்கள் நிற்கும். இந்தக் குறைகள் தெரிந்தபின் அந்த முறை மதிப்பிழந்துபோனது. நல்லதுதான். பட்டை ஒத்துப்போவதும் கனிமம் ஒத்துப்போவதும் ஒன்றில்லை.

இதுவரை பேசியது ஒப்பீடு. இன்னொரு பயன்பாடு உண்டு: ஒப்பிட இடமே தெரியாதபோது, மண்ணை வைத்து இடத்தைத் தேடுவது. இதில் எனக்கு மிகப் பிடித்தது இரண்டாம் உலகப் போரில் நடந்தது. 1944 நவம்பரிலிருந்து 1945 ஏப்ரல் வரை ஜப்பான் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட காகித பலூன்களில் குண்டு கட்டி, உயரத்தில் வீசும் வேகக் காற்றில் பசிபிக் கடலைத் தாண்டி அனுப்பியது. உயரத்தைச் சமன் செய்ய மணல் மூட்டைகள் கட்டியிருந்தார்கள். அமெரிக்காவில் கிடைத்த அந்த மணலை அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் ராணுவப் பிரிவு ஆராய்ந்தது. கடற்கரை மணல் என்பது உடனே தெரிந்தது. பவளத் துண்டு ஒன்றுகூட இல்லை, எனவே பவளம் வளரும் தெற்குக் கரைகள் கழிந்தன. கிரானைட்டிலிருந்து வந்த துகள் இல்லை, எனவே கிரானைட் மலைகள் வடியும் கரைகள் கழிந்தன. ஹைப்பர்ஸ்தீன் என்ற எரிமலைப் பாறைக் கனிமம் நிறைய இருந்தது. கூடவே டயாட்டம், ஃபொராமினிஃபெரா போன்ற நுண்ணுயிர் ஓடுகள். போருக்கு முன் வெளியான ஜப்பானிய நிலவியல் கட்டுரைகளோடு இவற்றை வைத்துப் பார்த்து, ஹோன்ஷு தீவின் கிழக்குக் கரையில் இரண்டு இடங்களைக் குறித்தார்கள். அதில் ஒன்றான இச்சினோமியா உண்மையிலேயே பலூன் ஏவிய இடம். இங்கேயும் கவனியுங்கள்: "இல்லை, இல்லை" என்று கழித்துக்கொண்டே போய்த்தான் இடத்தைப் பிடித்தார்கள்.

அதே வழியில், 1985-ல் மெக்சிகோவில் கடத்திக் கொல்லப்பட்ட அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு அதிகாரி எனரிக்கே கமரேனாவின் வழக்கு. மிச்சோகன் மாநிலத்தில் ஒரு பண்ணையில் போலீஸ் புகுந்து, அங்கிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் அதன் அருகே அவர் உடல் கிடைத்தது. கதை முடிந்த மாதிரிதான் தோன்றியது. ஆனால் உடலில் ஒட்டியிருந்த மண் அந்தப் பண்ணை மண்ணே இல்லை. ரயோலைட் வகை எரிமலைச் சாம்பல். எஃப்பிஐ நிபுணர்கள் அதைத் தொடர்ந்து போய், வேறு மாநிலத்தில், குவாதலஹாரா அருகே உள்ள லா பிரிமவேரா காட்டுப் பகுதியைக் காட்டினார்கள். உடல் முதலில் அங்கே புதைக்கப்பட்டு, பிறகு தோண்டி எடுத்துக் கொண்டுவரப்பட்டிருக்கிறது.

வாகனங்களும் காலணி போலத்தான், ஆனால் இன்னும் சிக்கல். மட்கார்டுக்கு உள்பக்கம் மண் மாதக்கணக்கில் சேரும். 1960-ல் அமெரிக்காவின் கொலராடோவில் மதுபானத் தொழிலதிபர் அடால்ஃப் கூர்ஸ் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கில், சந்தேக நபரின் கார் நாட்டின் மறுகோடியில், நியூஜெர்சியில், எரிந்த நிலையில் கிடைத்தது. அதன் அடியில் நான்கு அடுக்கு மண். மேலடுக்கு நியூஜெர்சியில் கார் கிடந்த பகுதியோடு ஒத்துப்போனது. உள்ளே இருந்தவை கொலராடோ மலையடிவார மண்களோடு பொருந்தின. உடலின் மிச்சம் கிடைத்த பகுதியின் கிரானைட்டிலிருந்து வரும் இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பாரும் அதில் இருந்தது. இந்த முடிவுக்கு வர நூற்றுக்கணக்கான மண் மாதிரிகள் சேகரித்தார்கள். ஒரு வாளி மண்ணைச் சுரண்டிக் கலந்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால் நான்கு அடுக்கும் ஒரே சேறாகி, எதனோடும் பொருந்தாத ஒன்றாகத்தான் வந்து சேர்ந்திருக்கும்.

மண் ஆதாரம் பெரும்பாலும் கெட்டுப்போவது ஆய்வகத்தில் இல்லை, சேகரிக்கும் இடத்தில்தான். காலணியிலிருந்து மண்ணைச் சுரண்டக் கூடாது, காலணியையே அப்படியே அனுப்ப வேண்டும். ஈரத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடித்துவிடும். காற்றில் உலர்த்திக் காகித உறையில் வைக்க வேண்டும். சம்பவ இடத்துக்குப் போன அதிகாரி அதே காலணியோடு சந்தேக நபரின் வீட்டுக்குள் போனால் வழக்கே கெட்டுவிடும், ஏனென்றால் மண்ணைக் கொண்டுபோனது யார் என்ற கேள்விக்கு அப்புறம் பதிலே இல்லை. நடந்த ஆளின் காலில் மேற்பரப்பின் சில மில்லிமீட்டர் மண்தான் ஒட்டும். எனவே ஒப்பீட்டு மாதிரியையும் அதே மேல்தோலிலிருந்து எடுக்க வேண்டும்; மண்வெட்டியால் அரையடி ஆழம் வெட்டி எடுத்தால் அது வேறு மண். ஓர் இடத்தில் ஒரே ஒரு மாதிரி எடுப்பதும் போதாது. அந்த இடத்துக்குள்ளேயே மண் எவ்வளவு மாறுகிறது என்று தெரிந்தால்தான், காலணி மண் அந்த வரம்புக்குள் வருகிறதா என்று கேட்க முடியும். எல்லாவற்றையும்விட முக்கியம், சந்தேக நபர் "நான் இங்கேதான் இருந்தேன்" என்று சொல்லும் இடத்திலிருந்தும், அவர் வீடு, வேலை செய்யும் இடத்திலிருந்தும் மாதிரி எடுப்பது. இது அவருக்கு நியாயம் செய்வது. பாப் 1908-லேயே செய்த வேலை. இன்றும் இதைச் செய்யாமல் வரும் அறிக்கையை நான் அரை அறிக்கையாகத்தான் மதிப்பேன்.

ஆழம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உடலைப் புதைத்த வழக்குகளில் அடிமண்தான் நல்ல சாட்சி. மண்வெட்டியில் இரண்டடி ஆழத்து மஞ்சள் மண் ஒட்டியிருந்தால், அந்த வழியாக நடந்து போனேன் என்ற விளக்கம் அதற்குப் பொருந்தாது. யாரோ தோண்டியிருக்க வேண்டும். தெற்கு ஆஸ்திரேலியாவில் 2000-ல் நடந்த ஓர் இரட்டைக் கொலையில், சந்தேக நபரின் காரில் இருந்த மண்வெட்டியின் மண்ணை ராப் ஃபிட்ஸ்பாட்ரிக் ஆராய்ந்தது ஒரு கல்குவாரியோடு தொடர்புபடுத்த உதவியது. உடல்களும் குவாரியில்தான் இருந்தன.

இப்போது கடினமான பகுதி. ஒட்டிய மண் ஒருபோதும் தரையின் அசல் பிரதியாக இருக்காது. நுண்ணிய துகள் நன்றாக ஒட்டும், பெரிய மணல் உதிர்ந்துவிடும். எனவே தரை மண்ணை முழுசாகவும் காலணி மண்ணை அப்படியேவும் ஒப்பிட்டால் இரண்டும் வேறு என்று தவறாகத் தோன்றும். ஒரே அளவுத் துகள்களைப் பிரித்துத்தான் ஒப்பிட வேண்டும். ஒட்டியதிலும் பெரும்பகுதி அடுத்தடுத்து நடக்கும்போதே போய்விடும். தையல் இடுக்கிலும் அடிப்பகுதிப் பள்ளங்களிலும் மாட்டியதுதான் மிஞ்சும். அப்புறம் வேறு இடத்து மண் மேலே கலக்கும். அடுக்குகள் பிரிந்திருந்தால் அதிர்ஷ்டம். கலந்திருந்தால், எது எதோடு பொருந்துகிறது என்று சொல்வது மிகுந்த நிதானம் தேவைப்படும் வேலை. துவைத்த துணியில்கூட இழைகளுக்குள் சிக்கிய களிமண் துகள் மிஞ்சியிருக்கலாம் என்பது இதன் மறுபக்கம்.

அதனால்தான் அறிக்கையின் மொழி முக்கியம். இரண்டு மாதிரிகளும் வேறு என்றால் அதைத் தைரியமாகச் சொல்லலாம், கலப்பு நடந்திருக்க வாய்ப்பில்லை என்று உறுதி செய்துகொண்டபின். ஒத்திருந்தால், "இந்த மண் அந்த இடத்திலிருந்து வந்திருக்கலாம், நாங்கள் சோதித்த மற்ற இடங்களிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை" என்ற அளவோடு நிற்க வேண்டும். டிஎன்ஏவுக்கு இருப்பது போல, இந்தக் கலவை உலகத்தில் எத்தனை இடத்தில் வரும் என்று கணக்கிட மண்ணுக்கு ஒரு பெரிய தரவுத்தளம் இல்லை. கோடியில் ஒன்று என்ற மாதிரி எண்ணை ஒரு மண் நிபுணர் சொன்னால் அதைச் சந்தேகிக்க வேண்டும். அரிய கனிமமோ, விசித்திரமான உலைக்கழிவோ கலவையில் இருந்தால் எடை கூடும் என்பது உண்மை. 1904-ல் பாப் கையாண்ட முதல் பெரிய வழக்கில் அப்படித்தான் அமைந்தது: கொலை நடந்த இடத்தில் கிடந்த கைக்குட்டையில் நிலக்கரித் துகளும் ஹார்ன்பிளெண்டும் சேர்ந்திருந்தன; சிக்கிய ஆள் எரிவாயு ஆலையிலும் சரளைக் குழியிலும் வேலை செய்தவர். அவர் நகக்கண்களிலும் அதே சேர்க்கை. இரண்டு தொழில்கள் ஒரே கையில் சேர்வது அரிது என்பதுதான் அங்கே வாதத்தின் பலம்.

கனிமம் சரியாகச் சொன்னாலும் அதன் பொருளை நாம் தவறாகப் படிக்கலாம் என்பதற்கு ஆல்டோ மோரோ வழக்கைச் சொல்வேன். இத்தாலியின் முன்னாள் பிரதமரான அவர் 1978 மார்ச் 16-ல் கடத்தப்பட்டார். மே 9-ல் ரோம் நகரில் ஒரு ரெனோ காரின் பின்பகுதியில் அவர் உடல் கிடைத்தது. உடையிலும் காலணியிலும் காரிலும் மணல். நிலவியலாளர் ஜியானி லொம்பார்டி அதை ஆராய்ந்து, டைபர் ஆற்று முகத்துவாரத்துக்கு வடக்கே உள்ள ஒரு குறிப்பிட்ட கடற்கரைப் பகுதியைக் காட்டினார். வேலை நேர்த்தியானது. அவரைக் கடத்தியது சிவப்புப் படை (ரெட் பிரிகேட்ஸ்) என்ற தீவிர இடதுசாரி ஆயுதக் குழு. பின்னாளில் பிடிபட்ட அதன் உறுப்பினர்கள், விசாரணையைத் திசை திருப்பத் தாங்களே கடற்கரை மணலைக் கொண்டுவந்து தூவியதாகச் சொன்னார்கள். அதை நம்புவதா வேண்டாமா என்பதை மணலால் தீர்க்க முடியாது. எங்கிருந்து வந்தது என்று அது சொல்லும். நடந்து வந்ததா, கைப்பிடியில் வந்ததா என்பதற்கு வேறு சாட்சிகள் வேண்டும்.

ஆக, அடுத்த முறை "மண் ஒத்துப்போனது" என்று ஒரு செய்தியைப் பார்த்தால் சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை மாதிரிகள் எடுத்தார்கள்? சந்தேக நபர் சொன்ன இடத்திலிருந்தும் எடுத்தார்களா? நிறத்தை மட்டும் பார்த்தார்களா, கனிமங்களை எண்ணினார்களா? அந்தப் பகுதியில் மண் அடிக்கு அடி மாறுவதா, மைல் கணக்கில் ஒன்றா? காலணியைக் கைப்பற்றியவரும் சம்பவ இடத்துக்குப் போனவரும் ஒரே ஆளா? பத்திரிகைச் செய்தியில் இவற்றுக்கு அநேகமாகப் பதில் இருக்காது. தீர்ப்பின் முழு நகல் கிடைத்தால், மண் நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்ததைப் பற்றிய பகுதியைத் தேடிப் படியுங்கள். பதில்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.